டெமெராரா எழுச்சியும் அதன் விளைவுகளும்



பழுப்பு நிறச் சீனி வகையொன்று இன்றும் ‘டெமெராரா’ என்னும் பெயரால் உலகச் சந்தைகளில் விற்கப்படுகின்றது. அப்பெயர் தென் அமெரிக்காவின் வடகரையில் அத்திலாந்திக் சமுத்திரத்திற் சென்று விழும் ஓர் ஆற்றின் பெயராகும். அவ்வாற்றின் இருமருங்கிலும், அதனை அடுத்த கடற்கரையிலும் பரந்து கிடந்த கரும்புத் தோட்டங்களில், 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் ஒருசேர எழுந்தனர். அவ்வெழுச்சி சில நாட்களுள் அடக்கப்பட்டது. ஆயினும் அதன் எதிரொலி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்றது; அடிமை முறையின் அத்திவாரத்தையே அசைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவும் அது அமைந்தது. அவ்வெழுச்சி ஏன் தோன்றியது, அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில் அந்நாட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். இன்று கயானா என வழங்கும் நாட்டின் ஒரு பகுதியே டெமெராரா. ஒல்லாந்தர் வசமிருந்த அதனை 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1814ஆம் ஆண்டில் அது உடன்படிக்கை மூலம் அவர்களுக்கே உரியதாயிற்று. அந்நாட்டின் கரையோர நிலம் கடல் பெருகும் வேளையில் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து கிடப்பது. கடலைத் தடுக்க முன்புறத்தில் ஓர் அணை, சதுப்பு நிலத்து வெள்ளத்தைத் தடுக்கப் பின்புறத்தில் ஓர் அணை, இடையே எண்ணிறந்த வாய்க்கால்கள் என்றவாறு அமைந்தாலன்றி அங்கே ஒரு கரும்பும் முளையாது. அந்த அணைகளையும் வாய்க்கால்களையும் மண்வெட்டி கொண்டு வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களுமே. 1823ஆம் ஆண்டளவில் டெமெராராவிலும் அதனையடுத்த எசெக்கிபோவிலும் ஏறக்குறைய 75,000 அடிமைகள் வாழ்ந்தனர். வெள்ளையர் தொகையோ 2,500 அளவினதே. முப்பது பேரை ஒருவர் ஆள்வதற்கு அங்கே கையாளப்பட்ட கருவி சவுக்கு.

எழுச்சிக்கான காரணங்களுள் முதலாவது, வேலைப் பளுவாகும். 1807ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. ஆபிரிக்காவிலிருந்து புதிய அடிமைகளைக் கொணர்தல் அதனால் நின்றது; ஆனால் ஏற்கெனவே அடிமைகளாயிருந்தோர் அடிமைகளாகவே இருந்தனர். அதே காலத்தில் பருத்தியின் விலையும் கோப்பியின் விலையும் சரிந்தமையால், தோட்டக்காரர் பலர் தம் நிலங்களைக் கரும்புக்கு மாற்றினர். கரும்புச் செய்கையோ ஏனைய இரண்டினும் கொடியது. வெட்டிய கரும்பு புளிக்குமுன் ஆலையிற் பிழியப்படல் வேண்டும். பிழிந்த சாறு உடனே காய்ச்சப்படல் வேண்டும். ஆகவே அறுவடைக் காலத்தில் பகல் முழுதும் வயலில் உழைத்தவர்கள் இரவிலும் கொப்பரைகளின் முன்னே நிற்க நேர்ந்தது. ஆட்டொகை பெருகவில்லை, வேலை மாத்திரம் பெருகிற்று.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, கிழக்குக் கரையில் இருந்த ‘சக்சஸ்’ என்னும் தோட்டம். வெற்றி என்பது அப்பெயரின் பொருள். அதன் உடைமையாளர் லிவர்பூல் நகரத்து வணிகரான ஜோன் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக விளங்கிய வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தையார் இவரே. இவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் டெமெராரா மண்ணை மிதித்தவரல்லர். தம் முகவர்கள் எழுதும் கடிதங்களை நம்பி, தம் அடிமைகள் மனநிறைவோடு வாழ்கின்றனர் என்றே அவர் கூறிவந்தார். அவருடைய ‘வெற்றி’த் தோட்டத்திலேதான் எழுச்சி தொடங்கிற்று என்பது வரலாறு செய்த விந்தை எனலாம்.

இரண்டாவது காரணம், ஆலயம். சக்சஸ் தோட்டத்துக்கு அண்மையில், லெ ரெசூவெனீர் என்னும் தோட்டத்தில், இலண்டன் மிஷனரிச் சங்கத்தார் 1808ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வந்தனர். அவர்களின் போதகராக 1817ஆம் ஆண்டில் ஜோன் ஸ்மித் என்பவர் தம் மனைவியாரோடு வந்து சேர்ந்தார். அடிமைகளுக்கு எழுத்து வாசிக்கக் கற்பித்தால் உடனே நாடு கடத்துவேன் என்று தேசாதிபதி ஜோன் மரே அவரை எச்சரித்தார். வாசிக்கத் தெரிந்த அடிமை சிந்திப்பான் என்பதும், சிந்திக்கும் அடிமை நெடுநாள் அடிமையாயிருக்க இசையான் என்பதும் ஆட்சியாளர் நன்கறிந்த உண்மைகள். ஆயினும் மக்கள் ஆலயத்துக்குத் திரண்டு வந்தனர். பல தோட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு உரையாடுதற்கு அவர்களுக்கிருந்த இடம் அதுவொன்றே.

அவ்வாலயத்தின் மூத்த உதவிக்குருவாக விளங்கியவர் குவாமினா என்பவர். இவர் சக்சஸ் தோட்டத்தின் தலைமைத் தச்சர்; ஆபிரிக்காவிற் பிறந்து, சிறு வயதில் தாயோடு அடிமையாக விற்கப்பட்டவர்; எல்லோராலும் மதிக்கப்பட்டவர். 1822ஆம் ஆண்டில் இவருடைய மனைவி பெகி நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். அருகிருந்து பேண இவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஒருநாள் மாலை வேலை முடிந்து குடிசைக்குத் திரும்பியபோது மனைவி இறந்து கிடப்பதையே இவர் கண்டார். மதிப்புமிக்க தலைமைத் தச்சர் ஒருவருக்கே இந்நிலையாயின், வயலில் உழைத்தவர்களின் நிலை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை நேயர்களே உய்த்துணரலாம். 1823ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்னுமொரு கட்டுப்பாடு வந்தது. துரையின் எழுத்துமூலமான அனுமதிச் சீட்டின்றி எந்த அடிமையும் வேறு தோட்டத்திலுள்ள ஆலயத்துக்குச் செல்லலாகாது எனப்பட்டது. உடலுக்கு ஓய்வில்லாதிருந்தவர்களுக்கு இப்போது உள்ளத்துக்கிருந்த புகலிடமும் அடைபட்டது.

மூன்றாவது காரணமே யாவற்றினும் முக்கியமானது. அது ஒரு செய்தி. சரியாகச் சொல்வதாயின், மறைக்கப்பட்ட ஒரு செய்தி. அதே மே மாதத்தில் இலண்டனிலே தோமஸ் பவல் பக்ஸ்டன் என்னும் அங்கத்தவர், அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டுமெனப் பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். மந்திரியாகிய ஜோர்ஜ் கன்னிங் அதற்குப் பதிலாக, அடிமைகளின் நிலையைச் சீர்திருத்துதற்குரிய வேறு தீர்மானங்களை நிறைவேற்றுவித்தார். அவற்றுக்கிணங்கக் குடியேற்றநாட்டு மந்திரி பாதர்ஸ்ட் பிரபு, பெண்களைச் சவுக்கால் அடித்தல் ஒழிக்கப்படல் வேண்டும், வயலிலே வேலைவாங்குவோர் சவுக்கு ஏந்துதல் நிறுத்தப்படல் வேண்டும் என்று குடியேற்றநாடுகளுக்குப் பணித்தார். அப்பணிப்பு ஜூலை மாதத் தொடக்கத்தில் டெமெராராவை அடைந்தது.

அங்கே என்ன நடந்தது? தேசாதிபதியும் தோட்டக்காரர் நிறைந்திருந்த ஆட்சிச் சபையும் அதனை வைத்து ஆராய்ந்தனர், ஆறுதலாக ஆராய்ந்தனர், ஆனால் மக்களுக்கு அறிவித்தாரில்லை. துரைமாரோ தம் விருந்து மேசைகளிலே இலண்டனின் தலையீட்டைச் சினந்து பேசினர். மேசையருகே நின்று உணவு பரிமாறிய அடிமைகளுக்குக் காது உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வாயிலிருந்து மறு காதுக்கு, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செய்தி பரந்தது. பரந்த செய்தி வளர்ந்தது. அரசர் நமக்கு விடுதலை அளித்துவிட்டார், துரைமார் அதனை மறைத்து வைத்திருக்கின்றனர் என்று மக்கள் நம்பத் தலைப்பட்டனர். விடுதலை வந்தது என்பது உண்மையன்று. ஆனால் தமக்குரிய ஏதோவொன்று மறைக்கப்படுகின்றது என்று அவர்கள் ஐயுற்றதில் பிழையில்லை. உண்மையை உரிய காலத்தில் உரைத்திருப்பின் வதந்திக்கு இடமிருந்திராது.

குவாமினாவின் மகன் ஜாக், அதே தோட்டத்திலே பீப்பாய் செய்யும் தொழிலாளி. உடைமையாளரின் பெயரையொட்டி அவரை ஜாக் கிளாட்ஸ்டன் என வழங்கினர். இளமையும் துணிவும் பேச்சுவன்மையும் உடைய அவர், பல தோட்டங்களிலிருந்த நண்பர்களோடு கூடி ஒரு திட்டம் வகுத்தார். வெள்ளையரின் துப்பாக்கிகளைக் கைப்பற்றுவது, அவர்களைத் தொழுமரத்தில் மாட்டி வைப்பது, பின்னர் தேசாதிபதியிடம் தம் உரிமையைக் கேட்பது என்பதே அத்திட்டம். ஆகஸ்டு 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் கூடிப் பேசினர். குவாமினா பொறுமையையே வற்புறுத்தினார். ஆயினும் மறுநாள் மாலை, 18ஆம் திகதி திங்கட்கிழமை, சங்குகளின் ஒலியோடு எழுச்சி ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய அறுபது தோட்டங்களில் அது பரவியது.

அன்று மாலையே தேசாதிபதி மரே, செய்தி அறிந்து குதிரையேறி வந்து, வழியில் ஆயுதந் தாங்கிய கூட்டமொன்றைச் சந்தித்தார். உங்களுக்கு வேண்டியது யாது என்று வினவினார். எங்கள் உரிமை என்று அவர்கள் விடையிறுத்தனர். இலண்டனிலிருந்து வந்த சீர்திருத்தங்களைப் பற்றி அவர் அப்போதுதான் அவர்களுக்கு எடுத்துரைத்தார். அவை தமக்கு ஆறுதல் தருவனவல்ல என்றும், வெள்ளையரைப் போலவே தசையும் குருதியும் கொண்டு இறைவன் தம்மைப் படைத்தான் என்றும், அடிமைகளாயிருந்து தாம் சலித்துவிட்டனர் என்றும், இனி வேலை செய்யப் போவதில்லை என்றும் அவர்கள் கூறினர். இவ்வுரையாடலை உலகறியச் செய்தது தேசாதிபதி தாமே இலண்டனுக்கு எழுதிய அறிக்கை.

இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சவுக்கடி பட்டவர்கள், ஆட்தொகையில் முப்பது மடங்கு மிகுந்தவர்கள், துப்பாக்கிகளைக் கையிலே பெற்றபின் என்ன செய்தார்கள்? பெரும்பாலான தோட்டங்களில் அவர்கள் துரைமாரையும் மேற்பார்வையாளரையும் தொழுமரத்தில் மாட்டினர், அவ்வளவே. தாம் எந்த மரத்திலே மாட்டப்பட்டுத் துன்புற்றனரோ அதே மரத்தில் துரைமாரை ஓரிரவு இருத்தி வைத்தனர். எழுச்சி முழுவதிலும் மாண்ட வெள்ளையர் மூவருக்கு மேற்படார். 1791ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியேற்றமாகிய சாந்தோமிங்கில், இன்றைய ஹெயிட்டியில், மூண்ட பேரெழுச்சியையும், அயலிலிருந்த பெர்பீசில் 1763ஆம் ஆண்டில் கஃபி என்பவரின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியையும் எண்ணி நடுங்கியிருந்த வெள்ளையருக்கு இவ்வடக்கம் வியப்பை அளித்திருக்க வேண்டும். ஆனால் அவர்களின் பதிலில் அடக்கம் இருக்கவில்லை.

19ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. 20ஆம் திகதி காலையில், ‘பச்சிலர்ஸ் அட்வெஞ்சர்’ என்னும் தோட்டத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் திரண்டு நின்றனர். கேணல் லேஹி என்பவரின் தலைமையில் வந்த படை அவர்களைக் கலைந்து செல்லுமாறு பணித்தது. சிலர் விடுதலை வேண்டுமென்றனர். சிலர் கிழமையில் மூன்று நாட்களும், ஆலயஞ் செல்ல ஞாயிற்றுக்கிழமையும் வேண்டுமென்றனர். கலைய மறுத்தவர்கள் மீது படை சுட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்விடத்தில் மாண்டனர். படைப்பக்கத்து இழப்போ மிகச் சொற்பம்.

பின்னர் தண்டனைகள் தொடர்ந்தன. விசாரணை என்ற பெயரால் நிகழ்ந்தவை பல வேளைகளில் விசாரணைகளாக இருக்கவில்லை. இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுட் சிலருடைய தலைகள் வெட்டப்பட்டுக் கம்பங்களில் நாட்டப்பட்டன. சிலருக்கு ஆயிரம் சவுக்கடி விதிக்கப்பட்டது. ஆயுதம் ஏந்தாது காட்டில் மறைந்திருந்த குவாமினா, செப்டெம்பர் 16ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் சக்சஸ் தோட்டத்தின் முன்னே வீதியோரத்தில் சங்கிலியாற் பிணித்துத் தொங்கவிடப்பட்டது. மகன் ஜாக் மரண தண்டனை பெற்று, பின்னர் அது மாற்றப்பட்டு, சென் லூசியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போதகர் ஸ்மித்தும் சிறைப்பட்டார். அடிமைகளிடத்து அதிருப்தியை வளர்த்தார், எழுச்சி வருமென அறிந்தும் அறிவிக்கவில்லை என்பன அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். சாதாரண நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வேண்டிய அவர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். நவம்பர் மாதத்தில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கருணை காட்டுமாறு பரிந்துரையும் செய்யப்பட்டது. ஏற்கெனவே காசநோயால் மெலிந்திருந்த அவர், 1824ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி சிறையிலேயே உயிர் நீத்தார். அரசரின் மன்னிப்பு வந்து சேர்ந்தபோது அதைப் பெறுவதற்கு அவர் இருக்கவில்லை.

நேயர்களே, இவ்விடத்திலேதான் எழுச்சியின் விளைவுகள் தொடங்குகின்றன. அடிமைகள் நூற்றுக்கணக்கில் மாண்ட செய்தியைக் கேட்டபோது அசையாத பலர், வெள்ளைப் போதகர் ஒருவர் சிறையில் மாண்ட செய்தியைக் கேட்டுக் கொதித்தெழுந்தனர். இது வருந்தத்தக்க உண்மை, ஆயினும் உண்மை. இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து பாராளுமன்றத்துக்கு மனுக்கள் வந்து குவிந்தன. 1824ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹென்றி புரூம் என்பவர், ஸ்மித்தின் விசாரணையைக் கண்டித்துப் பிரேரணை கொண்டுவந்தார். 146 வாக்குகள் சார்பாகவும் 193 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு அது தோற்றது. வாக்கெடுப்பில் தோற்ற பிரேரணை மக்கள் மனத்தில் வென்றது. ஸ்மித்தின் விசாரணை ஏடுகளை வாசித்தவர்கள் அவற்றினூடாக அடிமைகளின் சாட்சியங்களையும் வாசித்தனர். வேலையும் சவுக்கும் எத்தகையன என்பதை அடிமைகளின் வாய்மொழியாகவே அறிந்தனர். படிப்படியான ஒழிப்பு என்னும் சொல் மதிப்பிழக்கத் தொடங்கியது. அதே 1824ஆம் ஆண்டில் எலிசபெத் ஹெயிரிக் என்னும் பெண்மணி, உடனடியான ஒழிப்பே வேண்டுமென வாதிக்கும் சிறு நூலை வெளியிட்டார்.

1831ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜமேக்காவில் சாம் ஷார்ப் என்பவரின் தலைமையில் இதனினும் பெரிய எழுச்சி மூண்டது. விடுதலை வந்துவிட்டது, துரைமார் மறைக்கின்றனர் என்னும் அதே நம்பிக்கை அங்கும் காணப்பட்டது. அடிமை முறையை நிலைநிறுத்துவதற்கு ஆகும் செலவும் ஆபத்தும் இனித் தாங்கத்தக்கன அல்ல என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1833ஆம் ஆண்டில் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

ஆயின் நட்டஈடு யாருக்குக் கிடைத்தது? பரம்பரை பரம்பரையாகக் கூலியின்றி உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண் வழங்கப்பட்டது. ஜோன் கிளாட்ஸ்டன் மாத்திரம் ஒரு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகையைப் பெற்றார். அந்நட்டஈட்டுக்காகப் பெற்ற கடனின் இறுதி மீதி 2015ஆம் ஆண்டிலேதான் பிரித்தானிய அரசாங்கத்தாற் தீர்க்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களோ ‘பயிற்சியாளர்’ என்னும் புதுப் பெயரோடு 1838ஆம் ஆண்டு வரை அதே துரைமாருக்குக் கூலியின்றி வேலை செய்ய வேண்டியவராயினர்.

அப்பயிற்சிக் காலம் முடிந்தால் தோட்டங்களுக்கு ஆள் எங்கே? இவ்வினாவுக்கு விடை தேடிய ஜோன் கிளாட்ஸ்டன், 1836ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவிலிருந்த வணிக நிறுவனமொன்றுக்குக் கடிதம் எழுதி இந்தியத் தொழிலாளரைக் கேட்டார். 1838ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி, விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் ஏறக்குறைய நானூறு இந்தியரைப் பிரித்தானிய கயானாவிற் கொண்டுவந்து இறக்கின. அவர்கள் பட்ட துன்பங்கள் வெளியாகவே அவ்வேற்பாடு சிலகாலம் நிறுத்தப்பட்டது. 1845ஆம் ஆண்டில் அது மீண்டுந் தொடங்கியபோது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1917ஆம் ஆண்டு வரை சென்ற இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியருள், தமிழரும் தெலுங்கருமாகிய சென்னை மாகாணத்தவர் ஏறக்குறைய பதினையாயிரம் பேர். அவர்கள் எடுத்துச் சென்ற மாரியம்மன் வழிபாடு கயானாவில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

நம் நாட்டையும் இவ்வலை வந்து தொட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து கோப்பி விளைச்சல் குன்றியபோது, இலங்கைக் கோப்பிக்குச் சந்தை பெருகிற்று. ஜமேக்காவிலே தோட்டத் தொழில் பயின்ற டைட்லர் என்னும் துரை 1837ஆம் ஆண்டில் இங்கு வந்து, மேற்கிந்தியச் செய்கை முறையைக் கண்டி மலைகளிற் புகுத்தினார். அம்மலைகளில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் அடிமைகளாக விலைபேசப்பட்டவரல்லர். ஆயினும் கடனும் கங்காணி முறையும் அவர்களை எவ்வாறு பிணித்தன என்பதை இந்நாட்டு நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளைவுகளுள் மகிழ்ச்சிக்குரிய ஒன்றையும் கூறுதல் தகும். விடுதலை பெற்று ஓராண்டு கழிந்தபின், 1839ஆம் ஆண்டு நவம்பரில், 83 பேர் ஒன்றுகூடித் தம் சேமிப்பைக் கொண்டு ‘நோத்புரூக்’ என்னும் கைவிடப்பட்ட தோட்டத்தை விலைக்கு வாங்கினர். பணத்திற் பெரும்பகுதியைச் சில்லறை நாணயங்களாகத் தள்ளுவண்டிகளில் ஏற்றிச் சென்று கொடுத்தனர். அது விக்டோரியா என்னும் கிராமமாயிற்று. எழுச்சி நிகழ்ந்த அதே கிழக்குக் கரையிலேயே அக்கிராமம் உள்ளது. இவ்வெடுத்துக்காட்டைப் பின்பற்றி மேலும் பல கிராமங்கள் எழுந்தன. மேற்பார்வையின்றி இவர்கள் வாழமாட்டார் எனக் கூறியவர்களுக்கு அக்கிராமங்களே விடையாயின.

கயானா 1966ஆம் ஆண்டில் சுதந்திரம் பெற்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எழுச்சியின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் சிலர் அந்நாட்டுக்குச் சென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். தலைநகராகிய ஜோர்ஜ்டவுனில், முன்னர் தேசாதிபதி மரேயின் பெயரைத் தாங்கியிருந்த வீதி, சுதந்திரத்தின் பின்னர் குவாமினா வீதியெனப் பெயர் மாற்றம் பெற்றது.

இவ்வெழுச்சியைப் போதகரின் போதனையே மூட்டியது என்றனர் அக்காலத்துத் தோட்டக்காரர். வதந்தியே மூட்டியது என்றனர் வேறு சிலர். ஆராய்ந்து நோக்கின், மிகுந்த வேலையும், மறுக்கப்பட்ட ஆறுதலும், மறைக்கப்பட்ட செய்தியும் ஒன்றுசேர்ந்தே அதனை மூட்டின எனக் காண்கின்றோம். அவற்றுள் முதலிரண்டும் நெடுங்காலம் பொறுக்கப்பட்டவை. மூன்றாவதே பொறுமையின் எல்லையைக் கடக்கச் செய்தது. தமக்குரியது இதுவென்று அறியும் உரிமை, ஏனைய எல்லா உரிமைகளுக்கும் வாயில். ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றிச் செய்யப்படும் முடிவை அம்மக்களிடமிருந்தே மறைப்பவர், அமைதியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அமைதிக்கே கேடு சூழ்கின்றனர். டெமெராராவின் கரும்பு வயல்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவாகும்.